ஒன்றுமில்லாத படம்

ஒழுங்கு இயக்ககத்தின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை. 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்' என்று அதில் தடித்த எழுத்தில் எழுதியிருக்கும். சில அலுவலகங்கள் வாசலில் ஒன்றை எழுதி வைத்துவிட்டு உள்ளே வேறொன்றைச் செய்யும். இந்த அலுவலகத்தை அப்படி யாரும் குறை சொன்னதில்லை. சொன்னவர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள்.

தெருவில் துப்பியவர், வரிசையில் முண்டியவர், அதிகாரி பேசும்போது கொட்டாவி விட்டவர் ஆகியோரை வழக்கு, வாய்தா, வக்கீல் என்று அலைக்கழிக்காமல், எண்ணி இத்தனை அடி என்று முதுகில் கொடுத்துக் கையோடு வீட்டுக்கு அனுப்புவதுதான் இயக்ககத்தின் பணி. ஊருக்கு ஊர் அதற்கு மையங்கள் உண்டு. ஒவ்வொரு மையத்திலும் ஒரு மேசை, ஒரு நீள பெஞ்சு, ஆணியில் தொங்கும் பிரம்பு, அரசு நியமித்த அடிப்பாளர் ஒருவர். அடிப்பாளரின் வலது தோளுக்கு மருத்துவப்படி தனியாக உண்டு. பெஞ்சில் படுப்பவரின் முதுகுக்கு அப்படி எதுவும் ஒதுக்கப்படவில்லை.

முன்பெல்லாம் அடிபட வேண்டியவர்களின் பெயர்கள் தபாலில் போய்க்கொண்டிருந்தன. தபால் போய்ச் சேருவதற்குள் துப்பியவர் திருந்திவிடுவார். திருந்தியவரை அடிப்பதில் மனநிறைவு இல்லை என்று அடிப்பாளர் சங்கம் மனு கொடுத்தது. அந்த நேரம் பார்த்து இன்டர்நெட் என்று ஒன்று வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கிறீச்சிட்டுக்கொண்டே வந்து, பாதியில் அறுந்து, மறுபடி கிறீச்சிட்டு வரும் ஒரு வஸ்து. அதில் இயக்ககத்துக்கு ஒரு பக்கம் அமைத்துத் தர ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள். அவர் செய்யும் வேலைக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாததால் பக்கக்காரர் என்று கூப்பிட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

பக்கக்காரர் பயந்த சுபாவம். ஆனால் கைவேலையில் கெட்டிக்காரர். அந்தக் காலத்தில் ஒரு பக்கத்தை நேராக நிற்க வைப்பது குடிகாரனை நிற்க வைப்பது போலத்தான். இரண்டு எழுத்துக்கு நடுவே கொஞ்சம் இடம் விடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல வழி கிடையாது. பத்து இடைவெளி தட்டினால் ஒன்பதைத் தின்றுவிட்டு ஒன்றை மட்டும் காட்டும். அதற்கு ஒரு தந்திரம் இருந்தது. ஒரே ஒரு புள்ளி அளவுக்கு ஒரு படம். அதற்கு நிறம் கிடையாது, கண்ணாடி மாதிரி. அதைக் கொண்டுபோய் நடுவில் வைத்து, இவ்வளவு அகலத்துக்கு நீட்டி நில் என்று சொன்னால், நிற்கும். யார் கண்ணுக்கும் படாது. ஆனால் இந்தப் பக்கத்து எழுத்து அந்தப் பக்கம் போகாமல் அணை கட்டியது போலத் தடுத்து வைக்கும்.

இயக்ககத்தின் பக்கம் அந்தப் புள்ளியின் தயவில்தான் நின்றது. மேலே இரண்டு தலைப்புகள். இடது பக்கம் 'இன்று அடி பெறுவோர்'. வலது பக்கம் 'இன்று பதக்கம் பெறுவோர்'. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பதால் பதக்கம் கொடுப்பதும் இயக்ககத்தின் பொறுப்பிலேயே இருந்தது. அணைப்பு பெரும்பாலும் அதிகாரிகளுக்கு. இடது பக்கத்தில் ஒவ்வொரு பெயரையும் அடுத்து அடிகளின் எண்ணிக்கை வரும். வலது பக்கத்தில் பெயரை அடுத்து எத்தனை ஆண்டுகள் சேவை என்பது வரும். நடுவே, ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல், நீட்டி நிமிர்ந்து நிற்கும் நம் புள்ளி.

தொடக்க விழாவில் இயக்குநர் பேசினார். அவர் குரலுக்கே முதுகுகள் நிமிரும்.

"இனிமே குழப்பமே கிடையாது. திரையில இருக்கறது உத்தரவு. திரையில இல்லாதது உலகத்துல இல்ல. ஏன்னு கேக்கறவர் மூளையை உபயோகிக்கிறார்னு அர்த்தம். மூளைக்குன்னு நாம யாருக்கும் படி குடுக்கறதில்ல. தோளுக்குத்தான் குடுக்கறோம்."

அடிப்பாளர்கள் கைதட்டினார்கள். அது சாதாரணக் கைதட்டல் இல்லை, தொழில்முறைக் கைதட்டல். முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் காது அடைத்துக்கொண்டது.

பிறகு அடுத்தடுத்து விதிகள் வந்தன. மையங்களில் மவுஸை வைத்துச் சீட்டு விளையாடுகிறார்கள் என்று புகார் வந்ததால் எல்லா மவுஸ்களையும் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். கீபோர்டில் பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒரே ஒரு விசையை விட்டுவிட்டு மற்றவற்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஆகவே ஒரு திரைக்கு எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை பேர்தான் அன்றைய குற்றவாளிகள். மிஞ்சியவர்கள் மறுநாள் வரை நல்லவர்கள்.

இயக்குநருக்கு இன்னும் இரண்டு ஆசைகள் இருந்தன. பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று வேண்டும். ஒன்றிலிருந்து தொடங்கினால் அலுவலகத்துக்கு மரியாதையாக இருக்காது. நாலாயிரத்திலிருந்து தொடங்கு என்றார். எண் கூடிக்கொண்டே போக வேண்டும் என்பதற்காக, எப்போது சந்தேகம் வந்தாலும் புதுப்பிக்கும் விசையை அமுக்கிச் சரிபார்க்க வேண்டும் என்று மையங்களுக்கு விதி போட்டார். இரண்டாவது ஆசை, பக்கத்தை அமைத்தவரின் பெயர் எப்போதும் திரையில் தெரிய வேண்டும் என்பது.

"எதுக்குங்க சார் என் பேரு?" என்று பக்கக்காரர் கூச்சத்தோடு கேட்டார்.

"தப்பு நடந்தா யாரைத் தேடறதுன்னு நான் அலையக் கூடாது பாரு."

பக்கக்காரர் திரையை இரண்டாகப் பிரித்து, அடியில் ஒரு பட்டையை அசையாமல் நிறுத்தினார். மேலே பட்டியல் எப்படி மாறினாலும் அந்தப் பட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதில் முதலில் அவர் பெயர், அதை ஒட்டி, பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை. மனைவியை அழைத்துவந்து காட்டினார். தன் பெயர் நாடு முழுக்கத் தெரிகிறது என்பதில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பட்டைக்கு மேலே இருந்த பெயர்களை அவர் அன்றுவரை ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை. அவை நேராக நிற்கின்றனவா என்பதுதான் அவர் கவலை.

வாசிக்க வேண்டிய நாள் வந்தது. அவர் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கூட்டங்களுக்கு மைக் செட் போடுகிறவன். இயக்குநர் ஒரு மேடையில் 'நான் மனதாலும் ஓர் எறும்பைக்கூடத் துன்புறுத்தியதில்லை' என்று சொன்ன நேரத்தில் மைக் வீல் என்று கத்தியது. மச்சினன் சிரித்துவிட்டான். மைக்குக்குப் பன்னிரண்டு, சிரிப்புக்குப் பன்னிரண்டு, ஆக இருபத்துநான்கு என்று தீர்ப்பானது.

இருபத்துநான்கு அடி வாங்கிக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. மச்சினனால் அது முடியாது. போன வருடம் ஒலிபெருக்கி கட்ட ஏறிய கம்பத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பில் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். தும்மினால்கூடப் பார்த்துத் தும்ம வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருத்துவச் சான்றை நீட்டியபோது, முதுகு நன்றாக இருப்பவர்களை மட்டும் அடிப்பது பாரபட்சம் ஆகும் என்று இயக்ககம் பதில் சொன்னது.

"நீங்கதானே அந்தப் பக்கத்தையே போடறீங்க. அவன் பேரை எடுத்துடுங்களேன்" என்றாள் மனைவி.

"எழுத்துல நான் கை வைக்க முடியாதும்மா. பேரெல்லாம் வேற பிரிவுலேர்ந்து வருது. நான் போட்டு முடிச்சதும் அச்சடிச்சு, ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் ஒப்பிட்டுப் பாக்கறாங்க. ஒரு எழுத்து குறைஞ்சாலும் கை போயிடும்."

கை போய்விடும் என்பதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. முன்பு தட்டச்சு செய்தவர் ஒரு பெயரில் கடைசி எழுத்தை விட்டுவிட்டார். மேசை இழுப்பறைக்குள் கையை வைக்கச் சொல்லி, இழுப்பறையை மூடினார்கள். மூடவில்லை என்று இன்னொரு முறை மூடினார்கள். இப்போது அவர் தபால் பிரிவில் இடது கையால் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"அப்ப என்னதான் உங்க கையில இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"ஒண்ணும் இல்ல" என்றார் பக்கக்காரர். அது எவ்வளவு உண்மை என்று அப்போது அவருக்கே தெரியாது.

இந்த நிலையில், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பதற்கென்றே தணிக்கையாளர் வந்து சேர்ந்தார். வீண் செலவை ஒழிப்பது அவர் வேலை. பக்கத்தின் உள்ளே எழுதியிருப்பதையெல்லாம் காகிதத்தில் அச்சடித்து, வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பக்கக்காரரை அழைத்தார். கூடவே மூத்த அடிப்பாளரையும் அழைத்தார். அவர் அந்த ஊர் மையத்தின் அடிப்பாளர்; மரியாதை தெரிந்தவர், யாரை அடித்தாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்வார்.

"இது என்ன?" என்றார் தணிக்கையாளர்.

"படம் சார்."

"என்ன படம்?"

"ஒண்ணும் இல்லாத படம் சார்."

தணிக்கையாளர் தலையசைத்தார். மூத்த அடிப்பாளர் பக்கக்காரரின் கண்ணாடியை அவரே கழற்றி மேசைமேல் பத்திரமாக வைத்துவிட்டு, ஓங்கி ஒன்று விட்டார். பக்கக்காரர் சுவர் வரை போய்த் திரும்பினார்.

"நாக்கை உள்ள வச்சுக்குங்க சார், கடிச்சுக்கப் போறீங்க" என்றார் மூத்த அடிப்பாளர்.

"ஒண்ணும் இல்லாதது ஆபீசுக்குள்ள எதுக்கு?" என்று தணிக்கையாளர் தொடர்ந்தார்.

"அது இடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது சார். வேற ஒண்ணும் செய்யாது."

"இடத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் செய்யாம இருக்க இங்க அதிகாரிகளுக்கு மட்டும்தான் உரிமை. அதுக்குப் பரீட்சை எழுதணும், சீனியாரிட்டி வேணும். எங்க, காட்டு அதை."

பக்கக்காரர் திரையைத் தொட்டுக் காட்டினார். தணிக்கையாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்றியதற்காக இன்னொரு அறை விழுந்தது. சரி, கண்ணுக்குத் தெரிந்தால் நம்பிவிடுவார்கள் என்று நினைத்து, பக்கக்காரர் அந்தப் புள்ளிக்குச் சிவப்பு நிறம் கொடுத்துக் காட்டினார். கெட்டிக்காரர்களுக்கு எப்போதும் இப்படித்தான் புத்தி போகும். திரையின் நடுவே மேலிருந்து கீழாகச் செக்கச் செவேல் என்று ஒரு பட்டை தோன்றியது.

தணிக்கையாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இவ்வளவு பெரிய ஆளை இத்தனை நாளா உள்ள ஒளிச்சு வச்சிருந்தியா?"

இந்த முறை பெஞ்சு கேட்கவில்லை, பிரம்பு கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே நடந்தது. முடிந்தபோது பக்கக்காரரின் கடைவாய்ப் பல் ஒன்று கீபோர்டின் மேல் கிடந்தது. மூத்த அடிப்பாளர் அதை எடுத்துத் துடைத்து அவர் சட்டைப்பையில் போட்டார்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லா ஒண்ணுமில்லாததையும் எடுத்துடு" என்றார் தணிக்கையாளர்.

"எடுத்தா அந்தப் பக்கத்துப் பேரெல்லாம் இந்தப் பக்கம் சாஞ்சுடும் சார்."

"பக்கம் போடறவன் பக்கத்தைப் போடு. பின்னால என்ன ஆகும்னு சொல்றதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. அவங்க இன்னும் எதுவும் சொல்லல."

பக்கக்காரர் எடுத்தார். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே குரங்கு ஒன்று, பிடுங்கிய கை வேறொன்று, அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் அந்த ஊர் மையத்திலேயே இயக்ககத்தின் ஆண்டு விழா. மேடையில் இயக்குநர், தணிக்கையாளர், இன்னும் சில பெரிய அதிகாரிகள், பதக்கம் வாங்கக் கழுத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே மூத்த அடிப்பாளர் திரையைப் பார்த்தார். வலது பக்கம் காலி. அங்கே இருந்த பெயர்கள் எல்லாம் தடுக்க ஆளில்லாமல் இடது பக்கம் சரிந்து, 'இன்று அடி பெறுவோர்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டிக்கொண்டு கிடந்தன. தணிக்கையாளர், இருபத்தேழு. இயக்குநர், முப்பத்துமூன்று.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். யோசிப்பதற்குப் படி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பிரம்பை எடுத்துக்கொண்டு மேடையேறி, தணிக்கையாளரின் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னய்யா பண்றே?"

"பெஞ்சுக்கு வரணும் சார். திரையில இருக்கு."

"நான் எதுக்குய்யா..."

"ஏன்னு கேக்கக் கூடாது சார். ஐயாவே சொல்லியிருக்கார்."

இரண்டு இளைய அடிப்பாளர்கள் தணிக்கையாளரைத் தூக்கிவந்து பெஞ்சில் குப்புறப் போட்டார்கள். முதல் அடிக்குச் சட்டை கிழிந்தது. மூன்றாவதுக்கு உள்ளே இருந்த பனியன் தெரிந்தது, ஐந்தாவதுக்கு அதுவும் தெரியவில்லை. ஒன்பதாவது அடியில் பிரம்பு பிளந்துபோனது. கிடங்கிலிருந்து புதுப் பிரம்பு எடுக்க வேண்டுமானால் வீண் செலவில்லை என்று தணிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும். படுத்தபடியே போட்டார். போடாவிட்டால் விதியை மீறியதற்கு இன்னும் ஆறு என்பது அவருக்குத் தெரியும். அந்த விதியை எழுதியவரே அவர்தான். புதுப் பிரம்பு நல்ல உறுதியாக இருந்தது.

மேடையில் இயக்குநர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் அவருக்கு ஒரு நெருக்கடி. திரை தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் இன்று திரை தப்பு என்றால் நேற்றும் தப்பாக இருந்திருக்கலாம். இதுவரை விழுந்த அடியெல்லாம் எழுந்து வந்து கேள்வி கேட்கும். அவர் மேல்சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மைக்கைப் பெஞ்சுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

"அன்பர்களே, இதுதான் சமத்துவம்" என்று படுத்துக்கொண்டே பேசத் தொடங்கினார். முதல் அடி விழுந்தது. "இயக்ககம் ஆள் பாக்காது." இரண்டாவது. "இத்தனை வருஷமா எனக்கு இது வலிக்கும்னு... வலிக்கும்னு யாரும் சொல்லவே இல்ல." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கருத்தாகப் பேசினார். பத்தாவது அடிக்கு மேல் மைக்கில் உயிரெழுத்துகள் மட்டும் வந்தன. கூட்டம் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டியது. முப்பத்துமூன்று முடிந்தபோது தரையில் விரித்திருந்த சிவப்புக் கம்பளம் எதுவரைக்கும் கம்பளம் என்று சொல்ல முடியவில்லை.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். ஒரு துணை இயக்குநருக்கு விலா எலும்பில் மூன்று போயிற்று. இன்னொருவர் ஜன்னல் வழியாகக் குதித்து, முறைப்படி மேலே தூக்கிவரப்பட்டு, அடிக்கப்பட்டு, குதித்ததற்காகவும் அடிக்கப்பட்டார்.

சில நாள் கழித்து இயக்குநர் பக்கக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் மெத்தை போட்டுக் குப்புறப் படுத்திருந்தார். தணிக்கையாளர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். உட்காரும் கட்டத்தை அவர் இன்னும் அடையவில்லை.

"ஒரு தப்பும் நடக்கல. புரியுதா?" என்றார் இயக்குநர். "நடந்திருந்தா நான் எதுக்கு முப்பத்துமூணையும் வாங்கிக்கணும்?"

"புரியுது சார்."

"ஆனா அந்த ஒண்ணுமில்லாததைத் திரும்ப வச்சுடு."

"எவ்வளவு அகலத்துக்கு சார்?"

"அதை நீயே முடிவு பண்ணு. எங்க வேணா வை, எவ்வளவு வேணா நீட்டு. எழுத்து மட்டும் எங்களது. ஒண்ணுமில்லாதது இனிமே உன் பொறுப்பு."

தணிக்கையாளர் சுவரைப் பார்த்தபடியே அதற்கு ஒப்புதல் சொன்னார்.

பக்கக்காரர் வீட்டுக்கு வந்தபோது மச்சினன் கூடத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அவன் முறை மறுநாள் காலை.

"அத்தான், டாக்டர்கிட்ட கேட்டேன். எத்தனாவது அடியில ஸ்க்ரூ கழலும்னு. ஏழாவதுல கழலலாம்னார். நடக்கறது அத்தோட நின்னுடுமாம். மிச்சம் பதினேழு வலிக்காதாம், கீழ உணர்ச்சியே இருக்காதே" என்று சிரித்தான். அவன் அக்கா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே ஏதோ பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. எத்தனையோ முதுகுகளைப் பக்கக்காரர் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கிறார். முதுகு என்றால் உள்ளே எலும்பு இருக்கும் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது.

காலையில் அலுவலகம் போனதும் அவர் புள்ளியைத் திரும்ப வைத்தார். ஆனால் நடுவில் வைக்கவில்லை. இடது ஓரத்தில், முதல் பெயருக்கும் முன்னால் வைத்தார். நாலைந்து திரை அகலத்துக்கு அதை நீட்டினார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளி, துப்பியவரையும் முண்டியவரையும் மச்சினனையும் ஒரே தள்ளாகத் தள்ளி, திரைக்கு வெளியே வலது பக்கம் எங்கோ கொண்டுபோய் விட்டது. பெயர்கள் அங்கேதான் இருந்தன. அச்சடித்து ஒப்பிட்டவர்கள் ஓர் எழுத்தும் குறையவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மையங்களில் அங்கே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் மவுஸ் வேண்டும். மவுஸ் பீரோவில் இருந்தது. பீரோ சாவி எங்கே என்று யாருக்கும் நினைவில்லை.

பக்கக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக அதிகாரியைப் போலக் கையை வீசிக்கொண்டு நடந்து மையத்துக்குப் போனார். மனைவியும் மச்சினனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு அன்றைக்கு வரச்சொல்லி ஆணை போயிருந்த மற்றவர்களும், வாய் உலர்ந்து, முதுகு வியர்த்து, வரிசையாக. பக்கக்காரரும் மச்சினன் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

மூத்த அடிப்பாளர் பிரம்பை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுத் திரைமுன் வந்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மச்சினனிடம் வந்தார்.

"தம்பி, உங்க பேரு திரையில இல்ல."

"அப்படிங்களா?" என்றான் மச்சினன்.

"திரையில இல்லாதது உலகத்துல இல்ல. நீங்க கிளம்பலாம்." மற்றவர்களையும் பார்த்தார். "உங்க யார் பேரும் இல்ல. எல்லாரும் கிளம்புங்க."

அறை காலியான வேகத்தில் கதவு கீலோடு ஆடியது. வாசலில் மனைவி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். உள்ளே இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்; இத்தனை வருடத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை. பக்கக்காரருக்கும் கண் கலங்கியது. விழுந்த பல்லின் இடம்கூட அப்போது வலிக்கவில்லை. எழுந்தார்.

"நீங்க உக்காருங்க சார்" என்றார் மூத்த அடிப்பாளர்.

"நானா?"

மூத்த அடிப்பாளர் சங்கடத்தோடு திரையைக் காட்டினார். மேலே 'இன்று அடி பெறுவோர்' என்ற தலைப்பு. அதன் கீழே வெள்ளையாக, சுத்தமாக, ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததன் அடியில், அசையாத பட்டையில், பக்கக்காரரின் பெயர். அதற்குப் பக்கத்தில் ஓர் எண்.

"அது... அது பக்கம் அமைச்சவர் பேருங்க. எப்பவும் அங்கதான் இருக்கும்."

"தெரியும் சார். இத்தனை நாளா அங்க வரைக்கும் வர நேரமே கிடைச்சதில்ல. பட்டியல் முடியறதுக்குள்ள ஆபீஸ் மூடற நேரம் ஆயிடும். இன்னிக்குத்தான் கை ஒழிஞ்சிருக்கு." அவர் பக்கக்காரரின் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஐயாயிரத்து நாப்பத்திரெண்டு போட்டிருக்கு. எனக்கே கொஞ்சம் அதிகமாத்தான் படுது. தோள் வேற சரியில்ல."

"அது அடி இல்லீங்க. பாத்தவங்க எண்ணிக்கை. எத்தனை பேரு பாத்தாங்கன்னு..."

"பேரு, பக்கத்துல எண்ணு. வேற அர்த்தம் எங்களுக்குச் சொல்லித் தரல சார்."

மேசைமேல் தொலைபேசி அடித்தது. மூத்த அடிப்பாளர் எடுத்துக் கேட்டார். "ஆமா, இங்கதான் இருக்கார்... அங்கயும் அவர் பேரு மட்டும்தானா?... சரி, இங்க முடிச்சுட்டு அனுப்பி வைக்கறேன்." வைத்தார். உடனே மறுபடி அடித்தது. வேறொரு மையம்.

இளைய அடிப்பாளர்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திவிட்டு, பக்கக்காரரைத் தூக்கி, முரட்டுத்தனம் இல்லாமல், பெஞ்சில் குப்புறப் போட்டார்கள். கன்னத்தை ஒட்டிய பலகையில் மச்சினன் உட்கார்ந்திருந்த சூடு இன்னும் இருந்தது. வெளியே மனைவி கதவைத் தட்டிக் கூப்பிடுவது கேட்டது. அவள் தட்டத் தட்ட அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது. விசையை ஒரு தடவை தட்டினால் அந்த எண்ணில் ஒன்று கூடும்.

"ஐயா, அந்த எண்ணு சந்தேகம்தான், ஒத்துக்கறேன். ஆனா தயவுசெஞ்சு அந்த விசையை மட்டும் தொடாதீங்க."

"சந்தேகம்னு நீங்களே சொல்லிட்டீங்களே சார். சந்தேகம் வந்தா சரிபாக்கணும்னு விதி இருக்கு. உங்களுக்கு ஒரு அடி கூடுதலா விழுந்துடக் கூடாது பாருங்க."

மூத்த அடிப்பாளர் விசையை அமுக்கினார். தொலைபேசிக் கம்பி கிறீச்சிட்டது. திரை வெள்ளையாகி, மெதுவாக மேலிருந்து கீழாக வந்து நின்றது. இதற்குள் மற்ற மையங்களிலும் நல்லவர்கள் நாலு பேர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"ஐயாயிரத்து நாப்பத்தேழு" என்று வாசித்தார் மூத்த அடிப்பாளர். அவர் முகம் வாடிவிட்டது. "முன்ன பாத்ததுக்கு மாறுதே. எதுக்கும் இருங்க சார், இன்னொரு தடவை பாத்துடறேன்."